உப்பிட்டவர் யார்?

"நன்றி கெட்டவன்" என்ற சொல்லைச் சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் கூட்டத்தில் மூன்று பேர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த மௌனம் ஒரு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை.

விஷயம் சின்னது. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையை ஒட்டி, இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்குக் கட்டடம் ஒன்றில் நான் குடியிருக்கிறேன். அதற்கு ஒரு காவலாளி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து 2013-இல் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்தவர். மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதுதான் குடும்பம் முழுவதற்கும் வீடு. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் போடுவது, தண்ணீர் லாரி வந்தால் குழாயைப் பிடிப்பது, கார்களைத் துடைப்பது, குப்பையை இறக்குவது, யாராவது 'கொஞ்சம் வாப்பா' என்றால் போவது, எல்லாம் அவர் வேலை. அவருடைய வேலை எது, எது வேலையில்லை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியது கிடையாது. ஐம்பத்தைந்து வயதான அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோருமாகச் சேர்த்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்தோம். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குக் காவல் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் லீவு, பிராவிடண்ட் பண்டு. "வேலையை விட்டுக்கிறேன் சார்; ஆனா சின்னப் பொண்ணுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் ஒரு மாசம் அந்த ரூமிலே இருந்துக்கிறோம்" என்று செக்ரட்டரியிடம் கேட்டார். அதற்குத்தான் கூட்டம்.

"கல்யாணத்துக்குக் கொடுத்தோமே, அதை நினைத்துப் பார்த்தானா?" என்றார் ஒருவர். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மாவா சொன்னார்கள்?" என்றார் இன்னொருவர். கடைசியில், பதினைந்து நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும், கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தை முன்பணமாக வைத்துத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அன்று இரவு வீட்டுக்கு வந்து, பல வருஷங்களுக்கு முன் வாசித்த ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். மார்க் பிளாக் என்ற பிரெஞ்சுச் சரித்திராசிரியர் 1939, 40-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட, ஐரோப்பிய நிலப்பிரபுத்துவ சமுதாயத்தைப் பற்றிய நூல் அது. (அவர் வெறும் ஏட்டுப் பண்டிதர் அல்ல, நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து ரகசிய இயக்கத்தில் வேலை செய்து, 1944 ஜூனில் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டவர். யாருக்கு மண்டியிடுவது என்ற கேள்வியை எழுதியவர், அதற்குத் தம் உயிரால் பதில் சொல்லிவிட்டுப் போனார்.)

அந்தச் சமுதாயத்தில் ஒருவன் இன்னொருவனுக்கு ஆளாவதற்கு ஒரு சடங்கு இருந்தது. ஆளாகிறவன் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி, பிரபுவின் இரண்டு கைகளுக்குள் வைப்பான். 'நான் உங்கள் ஆள்' என்பான். பிரபு அவனை எழுப்பி முத்தமிடுவார். அதோடு ஒரு நிலம் அவனுக்கு மானியமாக வந்து சேரும். அவன் குதிரையும் ஆயுதமும் கொண்டு பிரபுவுக்காகச் சண்டை போடுவான். பார்க்க அழகான சடங்குதான். அதில் நியாயமும் இருந்தது. பிரபு வாக்குத் தவறினால், ஆளானவன் 'இனி உமக்கும் எனக்கும் ஒன்றுமில்லை' என்று அறிவித்து விலகிக்கொள்ளலாம். 1215-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் அரசனை மடக்கிச் சாசனம் வாங்கியதுகூட இந்த உரிமையின் பலத்தில்தான்.

ஆனால் இதெல்லாம் குதிரை வைத்திருந்தவனுக்கு. கீழே, உழுகிறவன் இருந்தானே, அவனுக்குச் சடங்கும் இல்லை, முத்தமும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும். அரைப்பதற்குக் கட்டணம் உண்டு. மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். செத்துப் போனால் வீட்டிலிருக்கும் நல்ல மாடு பிரபுவுக்கு. ஊரை விட்டுப் போக முடியாது. இவ்வளவுக்கும் பதிலாக அவனுக்குக் கிடைத்தது பாதுகாப்பு என்று சொல்வார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டால், பெரும்பாலும் இன்னொரு பிரபுவிடமிருந்து!

மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கீழே இருப்பவனிடம் விசுவாசத்தை எதிர்பார்த்தார்கள். ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். விசுவாசத்தை முறிக்க முயன்றவனுக்கு எந்த ஊரிலும் ஒரே பெயர்தான். அதைத்தான் எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் சொன்னார்கள்.

இது ஐரோப்பாவின் கதை, நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டில் இருந்ததை நிலப்பிரபுத்துவம் என்று சொல்லலாமா, கூடாதா என்று பண்டிதர்கள் நெடுநாளாகச் சண்டை போடுகிறார்கள். ஆர். எஸ். சர்மா 1965-இல் ஆம் என்று ஒரு புத்தகமே எழுதினார். 1981-இல் ஹர்பன்ஸ் முகியா அதெப்படி என்று திருப்பிக் கேட்டார். பெயர் எப்படியாவது இருக்கட்டும். நான் குடியிருக்கும் இந்தக் கட்டடம் நிற்கும் இடம் வயலாக இருந்தது. அந்த வயலை யார் உழுதார்கள், யார் அளந்தார்கள் என்பது எனக்குப் போதும்.

தாம்பரம், சேலையூர், பல்லாவரம், மாடம்பாக்கம் உள்ளிட்ட இந்தச் சீமையை, 1763-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வில்லியம் அரசன் இங்கிலாந்தைப் பிடித்த பின் 1086-இல் ஊர் ஊராகக் கணக்கெடுத்த மாதிரி, கும்பெனியும் தனக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க ஆசைப்பட்டது. தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளில் களத்துமேடு அப்படியே கண் முன் தெரிகிறது. அறுத்து அடித்துப் பொலி குவித்தாயிற்று. சர்க்கார் பங்கு, காணியாட்சிக்காரர் பங்கு என்று பிரிப்பதற்கு முன்னாலேயே அந்தக் குவியலிலிருந்து மரக்கால் மரக்காலாக எடுக்கிறார்கள். கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, காவல் செய்யும் பாளையக்காரனுக்கு...

இப்படிக் களத்தில் அளந்து கொடுக்கும் பாத்தியதைக்கு அந்நாளைய வருவாய்க் கணக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம்! நாம் 1947-இல் வாங்கியதாகச் சொல்லும் அதே சொல். பொலியிலிருந்து உன் மரக்காலைக் கேட்டு வாங்க உனக்கு இருக்கும் உரிமையே உன் சுதந்திரம். இந்தச் சொல்லை முதன்முதலாக இந்த அர்த்தத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை.

காணியாட்சி என்ற நம் சொல்லுக்குப் பதிலாக மிராசு என்ற அரபுச் சொல் பிறகு வழக்கத்துக்கு வந்தது. எல்லிஸ் துரை 1818-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஊர் நிலத்தைச் சில குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பங்கை அவ்வப்போது மாற்றிக்கொண்டால் பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. அவர்களிடம் நிலம் வாங்கிப் பயிரிடுகிறவர்களில் உள்குடி உண்டு, புறக்குடி உண்டு. ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாத்தியதை.

எல்லோருக்கும் கீழே, சேற்றில் இறங்கியவன் படியாள். தென்பக்கத்தில் பண்ணையாள் என்பார்கள். படியளந்ததால் படியாள். அவனுக்கும் களத்தில் நெல் விழுந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்யாணத்துக்கென்று ஒரு சிறு தொகையைக் கடன் வாங்கிவிட்டு, அந்தக் கடனுக்காகத் தானும் தன் பிறகு தன் மகனும் ஒரே வீட்டில் உழைத்த படியாட்கள் இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் எத்தனையோ பேர். கல்யாணக் கடன்! இருபதாயிரம் ரூபாய் என்று நான் மேலே எழுதியபோது உங்களுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. எழுதிய எனக்குக் கை கூசியது.

அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கக்கூடாது என்று 1843-இல் சட்டம் வந்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், மனிதனை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அப்புறமும் படியாள் ஏன் போகவில்லை? இதற்குப் பதில் 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய குறிப்பில் இருக்கிறது. சேரியில் அவன் குடிசை போட்டிருந்த மண் அவனுடையதல்ல, மிராசுதாருடையது. 'அப்படியானால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாட்டை வேண்டாம், சங்கிலி வேண்டாம்.

மிராசுதார்களின் எதிர்ப்பை மீறி, 1892 செப்டம்பரில் சென்னை சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று பேசுகிறோமே, அதற்குப் பிள்ளையார் சுழி அதுதான். அந்த நிலங்களில் எவ்வளவு அவர்கள் கையில் நின்றது என்பது தனிக் கதை. 1994 அக்டோபரில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். குடிசை மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1971 ஆகிவிட்டது. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களை நினைத்தபோதெல்லாம் வேலையை விட்டுத் துரத்தக்கூடாது என்ற சட்டம் 1952-இல். அதே ஜில்லாவில் கீழ்வெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரே குடிசைக்குள் வெந்து போனார்கள். அரைப்படி! அதை அதிகமாகக் கேட்டது நன்றிகெட்டதனமாகத் தெரிந்தது போலும்.

என் நண்பர் ஒருவர், நல்லவர், படித்தவர், இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் ஆட்சேபித்தார். "நீ ஒரு பக்கத்தையே பார்க்கிறாய். அந்தக் காலத்தில் பாசம் இருந்தது. ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டு அம்மா கஷாயம் போட்டு அனுப்புவாள். தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்குப் படி. இன்றைக்குத் தொழிற்சாலையில் யார் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?"

இதை லேசாகத் தள்ளிவிட என்னால் முடியாது. ஏனென்றால் அந்தப் பாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செங்கற்பட்டுக்குத் தெற்கே எங்கள் பாட்டனார் ஊர். எங்களுடையதும் காணியாட்சிக்காரர் வீடுதான். என் சிறு வயதிலேயே நிலமெல்லாம் கைமாறிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கிழவர் புதுநெல் கதிர் ஒரு பிடி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு வருவார். வாசல் வழியாக வரமாட்டார். பாட்டி உள்ளேயிருந்து ஒரு முறத்தில் அரிசியும் வெல்லமும் கொண்டுவந்து, எட்ட நின்று, அவர் விரித்த துண்டில் கொட்டுவாள். இரண்டு பேர் கண்ணிலும் நீர் நிற்கும். இதில் பொய் இல்லை.

"நிலந்தான் நம்மகிட்ட இல்லையே பாட்டி, அவர் ஏன் இன்னும் நமக்குக் கொண்டு வராரு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நம்ம உப்பைத் தின்னவண்டா" என்றாள் பாட்டி.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. அரிசியை விளைவித்தவர் அந்தக் கிழவர். நாற்று விட்டு, நடவு நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை சுமந்து எங்கள் குதிரில் கொட்டியவர் அவரும் அவர் மனைவியும். அந்தக் குதிரிலிருந்து ஒரு முறம் அவர் துண்டில் விழும்போது அது எங்கள் கொடையாக மாறிவிட்டது. உப்பென்று பாட்டி சொன்னாளே, கோவளம் உப்பளத்து வெயிலில் அந்த உப்பை வாரியவர்களும் எங்கள் வீட்டார் அல்ல. நாங்கள் எதை இட்டோம்? யார் உப்பை யார் தின்றோம்?

களத்தில் மரக்கால் மரக்காலாக எடுத்தபோது அதன் பெயர் சுதந்திரம். கொல்லைப்புறத்தில் முறத்தால் கொட்டியபோது அதன் பெயர் தர்மம். நெல் ஒன்றுதான்! உரிமையாக இருந்தது எந்தத் தலைமுறையில் தானமாகத் தேய்ந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. தானமானவுடன் அதற்கு வட்டியாக நன்றியும் கேட்கலாம் அல்லவா?

நம்மவர்களுக்குச் செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. 1964-இல் வந்த 'கர்ணன்' படத்துக்கு அழாதவர்கள் யார்? கம்பனுடைய கும்பகர்ணனுக்கு உருகாதவர்கள் யார்? நானும் உருகியவன்தான். ஆனால் கர்ணனுக்குத் துரியோதனன் கொடுத்தது அங்க நாடு. கும்பகர்ணன் ராவணனுக்குக் கூடப் பிறந்தவன். ராஜ்யத்துக்கும் ரத்தத்துக்கும் பட்ட கடனை, அரைவயிற்றுக் கஞ்சிக்குப் படச் சொல்வது எந்த ஊர் நியாயம்? வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பார்க்கிறேன். நன்றியைப் பெற்றவன் நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாரே தவிர, கொடுத்தவன் கூட்டம் போட்டு வசூல் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்து அவர் எங்கும் சொல்லவில்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, நிலக்காரர்களின் பாதுகாப்பு பரீட்சைக்கு வந்தது. முதலில் செத்தவர்கள் நிலமற்ற கூலிகள். சாகாதவர்கள் பஞ்ச நிவாரண வேலைக்கு மண் சுமந்தார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் கூலிகள் வெட்டியதுதான். இன்னும் ஆயிரமாயிரம் பேர் கங்காணியின் பின்னால் இலங்கைக்கும், பர்மாவுக்கும், கடல் கடந்தும் போனார்கள். போன இடத்திலும் முன்பணம், கடன், லயத்தில் ஓர் அறை.

ஐரோப்பாவிலும் அப்படித்தான். 1348-இல் கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்களின் உழைப்புக்குக் கிராக்கி வந்தது. உடனே, நோய் வருவதற்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று 1351-இல் சட்டம் போட்டார்கள். ஜான் கவர் என்ற கவிஞர், வேலைக்காரர்கள் முன்போல் இல்லை, நல்ல சாப்பாடாகக் கேட்கிறார்கள் என்று அங்கலாய்த்து எழுதினார். எங்கள் கட்டட மாடியில் மாலை வேளைகளில் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் கவரை வாசித்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை பிசகாமல் அதையே சொல்கிறார்கள். 1381-இல் குடியானவர்கள் கிளம்பியபோது, பிரபுக்களின் தஸ்தாவேஜுகளைத் தேடித் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். எதில் கட்டுண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் நான் பொய் எழுதியவனாவேன். ஐரோப்பியக் குடியானவன் தன் பிரபு தொழுத அதே மாதா கோயிலுக்குள் நுழைந்து கும்பிட்டான். எந்தக் கோயிலுக்கு முதல் மரக்கால் அளந்தார்களோ, அந்தக் கோயிலுக்குள் அந்த நெல்லை விளைவித்த படியாள் நுழையச் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வேண்டியிருந்தது. அங்கே அது நிலத்தோடு கட்டிய கட்டு. இங்கே பிறப்போடு சேர்த்துக் கட்டினார்கள். அதனால்தான் நிலம் போன பிறகும் அந்தக் கிழவர் கொல்லைப்புறமாகவே வந்தார்.

என் நண்பர் சொன்ன பாசத்துக்கு நான் என்ன பதில் சொல்ல? பாசம் இருந்தது. ஆனால் போக முடிகிறவன் போகாமல் இருந்தால்தானே அது பாசமா, வேறு வழியில்லாமையா என்று தெரியும்? தொழிற்சாலையில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், வாஸ்தவம். தொழிற்சாலை ஒன்றும் சொர்க்கமல்ல என்பது ஒரகடம் பஸ்ஸில் ஷிப்ட் முடிந்து தூங்கி விழுந்துகொண்டு வரும் பையன்களைப் பார்த்தால் தெரியும். ஆனால் அங்கே எட்டு மணி நேரம் முடிந்ததும் மிச்சப் பொழுது அவனுடையது. அந்த மிச்சத்துக்கு மனிதன் எவ்வளவு ஏங்குகிறான் என்பது மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தால் புரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர் முழுகியபோது, எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். நடக்க முடியாத என் தாயாரைத் தோளில் தூக்கி மூன்றாவது மாடிக்குக் கொண்டு போனவர் அந்தக் காவலாளி. அம்மாவை மட்டுமல்ல, கீழ்த்தளத்தில் இருந்த மூன்று வயோதிகர்களை. அவருடைய அறையில் இருந்த பாத்திரம், துணி, பெண்களின் பாடப் புத்தகம் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அந்த வருஷம் எந்தக் கூட்டத்திலும் நன்றி என்ற சொல் அடிபட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்தத் தடவை கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஏன் சொல்லவில்லை? இருபத்து நான்கு வீட்டுக்காரர்களோடு நாளைக்கும் லிப்டில் போகவேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

பன்னிரண்டாம் நாளே அவர் காலி செய்துவிட்டார். கூடுவாஞ்சேரியில் ஒற்றை அறை கிடைத்ததாம். போகும்போது என் வீட்டுக்கு வந்தார். மோட்டார் ரூம் சாவியை என்னிடம் கொடுத்து, "மேல் டாங்கி வால்வு கொஞ்சம் இறுகும் சார். சட்டுனு திருப்பினா ஒடஞ்சிடும். எடது பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும். புது ஆள்கிட்ட சொல்லிடுங்க" என்றார். பணத்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதில் பாதியை நான் கட்டிவிடுவதாகச் சொல்ல நினைத்தேன் என்று ஞாபகம். "குடுத்துட்டேன் சார், செக்ரட்டரிகிட்ட" என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அம்மா போன வருஷம் காலமானது அவருக்குத் தெரியும். பாடை கட்டியவரே அவர்தான். பழக்கத்தில் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாதக் கணக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் வரவு செலவுகளை உறுப்பினர் இரண்டு பேர் சரி பார்த்துக் கையெழுத்திடுவது வழக்கம். இந்த மாதம் என் முறை. லிப்ட் பழுது, தண்ணீர் லாரி, டீசல் என்று போகும் பட்டியலில் வரவுப் பக்கத்தில் ஒரு வரி: 'காவலாளி முன்பணம் திரும்ப வரவு, ரூ. 20,000.'

கூட்டல் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.